யோசனையில் இருக்கும் சிப்

கோயம்புத்தூரில் கிணற்று நீர்மட்டம் காட்டும் கருவி செய்கிற கம்பெனி ஒன்றில் நடந்த கூத்து இது. முதலாளி சந்திரமௌலி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: "என் கம்பெனியில ஆளும் தூங்கக் கூடாது, சிப்பும் தூங்கக் கூடாது!"

ஆனால் தினமும் இரண்டு மணிக்கு அவர் அறையிலிருந்து குறட்டை கிளம்பும். யார் வந்து கேட்டாலும், "சார் ஆழ்ந்த யோசனையில இருக்காருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று மணிக்குக் கைக்கடிகாரம் கீச்சிட்டதும் எழுந்துவிடுவார்.

கருவிக்குள் இருக்கும் சிப் ஓயாமல் ஓடியதால் பேட்டரியோ ஒன்பதே நாளில் தீர்ந்தது. "ஒரு வருஷம் வரணும், சிப்பும் தூங்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலேன்னா வேலை கிடையாது!" என்று டெஸ்டிங் பார்க்கும் பூமயிலிடம் கத்தினார்.

வெள்ளிக்கிழமை. கருவியை வாங்க வந்த பம்ப் வியாபாரி பார்த்துக்கொண்டிருக்க, பூமயில் மீட்டரை மாட்டினாள். மின்சாரம் காட்டும் முள் சடாரென்று பூஜ்யத்தருகே விழுந்தது!

"அடிப்பாவி, தூங்க வச்சுட்டியா?"

"இல்லீங்க சார். சிப்பை வேகமா ஓட்டுற பெரிய கடிகாரத்தை நிறுத்திட்டேன். உங்க வாட்சுல இருக்கிற மாதிரி குட்டிப் படிகக் கடிகாரம் மட்டும் முழிச்சிருக்குதுங்க. மணிக்கொருதரம் அது எழுப்பும். சிப் எந்திரிச்சுத் தண்ணியை அளந்துட்டு மறுபடி கண்ணை மூடிக்கும்."

"அதுக்குப் பேரு தூக்கம்தானே!"

"நீங்க சொன்னாச் சரிங்க சார். நாங்க இத்தனை நாளா அதை ஆழ்ந்த யோசனைன்னுல்ல சொல்லிட்டிருந்தோம்!"

வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓஹோ! மூணு தரம் ரெண்டு மணிக்கு வந்து திரும்பிப் போனேனே, அது இந்த யோசனைதானுங்களா?"

சந்திரமௌலி வாட்ச் கட்டிய கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.