இருபது புள்ளி வீரர்

கோவையில், ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையாடும் மன்றம் ஒன்று இருந்தது. அதை நடத்திய சபாபதியின் விதி கறாரானது: வீரனுக்கு வாள் மட்டும், வைத்தியனுக்கு மருந்து மட்டும்.

புதிதாகச் சேர்ந்த அஞ்சுகம், "என் வீராங்கனைக்கு வைத்தியமும் வேணும் சார்" என்றாள்.

"யாரும் எதையும் கத்துக்கலாம்னு விதி எழுதிக் காட்டு" என்றார் சபாபதி. "அதுல ஓட்டை கண்டுபிடிச்சு நான் ஜெயிச்சிட்டா, நீ இந்தப் பக்கமே வரக் கூடாது."

மறுவாரம் அவளே ஆட்டத்தை நடத்தினாள். ஆளுக்கு இருபது புள்ளி. அதைக் கொடுத்து வேண்டிய திறமைகளை வாங்கலாம்; ஒவ்வொரு திறமைக்கும் ஒரு விலை. சபாபதி தன் தாளில் பென்சிலால் எழுதி, இருபதையும் வாளிலேயே கொட்டினார். "இனி என்னை எவன் ஜெயிப்பான்?"

அஞ்சுகம் கதையைத் தொடங்கினாள். "நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது."

மற்ற ஆட்டக்காரர்கள் நால்வரும் ஆரவாரத்தோடு நீந்திக் கரையேறினார்கள். சபாபதி தன் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீச்சல் எத்தனை புள்ளி?"

"ஒண்ணுதான் சார்."

"ரப்பர் இருக்காம்மா?" என்றார் சபாபதி.