மூன்று பேர் விழ வேண்டிய குளியலறை

மூன்று தலையும் அரை மூளையும் சேர்ந்து தொழில் தொடங்கினால் எப்படி இருக்கும்? திருக்கடையூரில் தொடங்கினார்கள். எண்பதாம் கல்யாணத்துக்கு வருகிற பெரியவர்கள் தங்க ஒரு விடுதி. முதலாளி குஞ்சிதபாதம், கூட்டாளிகள் ஐயாறும் வைத்தியும். யோசிக்கிற வேலையை மட்டும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டார்கள்.

பாவம், அது ஆயிரம் முதியவர்களின் உயரம், முழங்கால் வலி எல்லாம் கணக்குப் போட்டு நன்றாகத்தான் சொன்னது. சொரசொரப்பான தரை, சுவரெல்லாம் கைப்பிடிக் கம்பி. எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றும் சொன்னது. இவர்கள் எழுதிய எழுத்தில் குளியலறைக் கதவில் 'கு' மட்டும்தான் அடங்கியது. மீதி 'ளியலறை' தாழ்வாரம் முழுக்க ஓடிச் சமையற்கட்டுச் சுவரில் முடிந்தது.

முதல் விருந்தாளி தாயுமானவன், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவருக்கு எண்பதாம் கல்யாணம். ஏழரைக்கு ராகுகாலம். ஆறு மணிக்குத் துண்டும் கையுமாகப் போனால் குளியலறை பூட்டியிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கய்யா," என்றார் குஞ்சிதபாதம். "இன்னும் மூணு பேர் விழல."

"எங்கேய்யா விழணும்?"

கம்ப்யூட்டர் கொடுத்த தாளின் கடைசி வரியைக் காட்டினார். 'இத்தனையும் செய்தால் வருஷத்துக்கு மூன்று பேர்தான் குளியலறையில் விழுவார்கள்.'

"யார் யாருன்னு போடல பாருங்க. அது நீங்களா இருந்துட்டா? அதான், நாங்களே விழுந்து முடிச்சிடறோம்."

தாயுமானவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருஷம் ரயிலை நேரத்துக்கு அனுப்பியவர், சொந்தக் கல்யாணத்துக்கு லேட்டாகப் போவதா?

"என்னங்க, கோயில்ல எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க," என்று மனைவி அபயாம்பாள் வேறு அவசரப்படுத்தினாள்.

உள்ளே வைத்தி ஓடினார், குதித்தார், ஒற்றைக்காலில் நின்றார். ம்ஹூம். தரை காலைப் பிடித்தது, சாய்ந்த பக்கமெல்லாம் கம்பி தாங்கியது.

"விழவே விட மாட்டேங்குதே! வயசானவங்க வர்ற இடத்தை இப்படியா கட்டுவாங்க?" என்று ஐயாறு வருத்தப்பட்டார்.

மூவரும் கூடிப் பேசினார்கள். கம்பிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒரு டின் நல்லெண்ணெயைத் தரையில் கொட்டினார்கள். அப்புறம் கேட்கணுமா? தொப், தொப், தொப்.

"முடிஞ்சுதுங்கய்யா!" கிடந்தபடியே கூவினார் குஞ்சிதபாதம். "இனி இந்த வருஷம் யாராலயும் விழ முடியாது. தைரியமா வந்து குளிங்க!"

"நீங்களும் உங்க கணக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தாயுமானவன். தோட்டத்துக் குழாயடியில் அவரும் அபயாம்பாளும் ஆளுக்கு ரெண்டு வாளி ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு ஓடினார்கள். ஏழேகாலுக்குத் தாலி கட்டியாயிற்று.

மத்தியானம் பெட்டியை எடுக்க வந்தால், மூவரும் அதே எண்ணெயில் அப்படியே கிடக்கிறார்கள்.

"இன்னுமாய்யா எந்திரிக்கல? அடி பலமா?"

"அடியெல்லாம் இல்லீங்க," என்றார் வைத்தி. "எந்திரிச்சா மறுபடி வழுக்கிடும். கணக்கு நாலாயிடுமே! வருஷம் பொறந்ததும் எந்திரிச்சிடுவோம்."

அப்போது வைகாசி மாதம்.

குஞ்சிதபாதம் தலையை மட்டும் தூக்கினார். "நல்லவேளை, படிச்சவர் வந்தீங்க. காலையிலேருந்து ஒரே தகராறு. கம்ப்யூட்டருக்கு வருஷம் பொறக்கறது ஜனவரியிலயா, சித்திரையிலயா? ஜனவரின்னா சட்டுனு எந்திரிச்சிடலாம்கிறான் ஐயாறு."