ராணியின் தாமரைத் தொட்டி

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு ராணி கொசுக்காய்ச்சலில் இறந்துபோனாள். ராஜா இடிந்து போனார். அந்தப்புரத்தில் அவள் தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த தாமரைத் தொட்டி ஒன்று இருந்தது. "இது அவள் ஊற்றிய தண்ணீர். தொட்டவன் தலை போகும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். காலையில் எழுந்ததும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். பாவம், மனுஷன் வேறு என்ன செய்வார்!

ஊரிலும் காய்ச்சல் ஓயவில்லை. கைக்குழந்தைகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. ராஜாவின் துக்கம் ஆத்திரமாகத் திரும்பியது. சபையில் எழுந்து நின்று கத்தினார்.

"பயிரை மேய்ந்த மாட்டுக்கு என்ன சட்டமோ, அதுதான் இனிமேல் கொசுவுக்கும். அது அடையும் பட்டியைத் தேடிப்பிடித்து இடியுங்கள். பட்டிக்குச் சொந்தக்காரன் நாட்டை விட்டே போகட்டும்!"

மாட்டுக்குப் பட்டி சரி, கொசுவுக்கு ஏது பட்டி? அதை ராஜாவிடம் யார் கேட்பது!

அமைச்சர் நாகமாணிக்கத்துக்கு வாய் ஊறியது. குயவர் தெருவைக் காலி செய்து தன் குதிரைகளுக்கு லாயம் கட்ட வேண்டுமென்று வெகுநாளாகக் கண் வைத்திருந்தார். "பானை இருக்கும் இடத்தில்தானே கொசு இருக்கும், மகாராஜா? குயவர் தெருதான் பட்டி" என்றார். ராஜாவுக்குச் செல்லப்பிள்ளையான விகடகவி அம்பலக்கூத்தனைக் கண்டாலே அமைச்சருக்கு ஆகாது. கையோடு அவனையும் மாட்டிவிட்டார்.

"கூத்தரே போய்ச் சாட்சி கொண்டுவரட்டும். வெறுங்கையோடு வந்தால் அவரும் குயவர்களோடு நடையைக் கட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

கூத்தன் குயவர் தெருவுக்குப் போனான். பொன்னுருவி என்ற குயத்தி, காய்ச்சலில் சுருண்ட மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பானைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சுடாத பானையில தண்ணி நின்னா கரைஞ்சு மண்ணாப் போயிரும், சாமி. நாங்க தேங்க விடுவோமா? பொழுது சாஞ்சா அரமனைப் பக்கமிருந்துதான் கும்பல் கும்பலா வருது. இந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்?" என்று அழுதாள்.

கூத்தன் அரண்மனைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அரண்மனையில் யாரும் தொடாமல் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் எது என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் துணியால் மூடிய கலயத்தோடு சபைக்கு வந்தான்.

"கொசுக்கள் எங்கே?" என்றார் ராஜா.

"மாடுகள் மேயப் போய்விட்டன, மகாராஜா. கன்றுகளைப் பிடித்து வந்திருக்கிறேன். கன்று கிடக்கும் இடம்தானே பட்டி?"

துணியை எடுத்தார்கள். தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்தன. சபையே முகம் சுளித்தது.

"எந்தப் பட்டியில் பிடித்தாய்?"

கூத்தன் கலயத்தைக் கீழே வைத்தான். "ராணியம்மாவின் தாமரைத் தொட்டியில்."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. அமைச்சர் துள்ளி எழுந்தார். "தொடக்கூடாத தண்ணீரைத் தொட்டுவிட்டான்! அதுமட்டுமா? அரண்மனைக்குச் சொந்தக்காரர் தாங்கள். தங்களையே நாடு கடத்தச் சொல்கிறான்!"

"இல்லை, மகாராஜா. தொட்டி ராணியம்மாவுடையது. அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். தங்கள் சட்டத்தில் பாதி நடந்து முடிந்தது. பட்டியை இடிப்பதுதான் பாக்கி. என் தலையை அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள். குயவர் தெருவில் ஒரு பிள்ளை அனலாய்க் கொதிக்கிறது."

ராஜா வாளிலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்து அந்தப்புரத்துக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். காவலர்கள் கை கொடுக்க வந்ததை விலக்கிவிட்டு, தாமே தொட்டிக்கு அடியில் கை கொடுத்துக் கவிழ்த்தார். சேறும் தண்ணீரும் அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடின. வாய்விட்டு அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார். "ஊரில் இன்னும் எத்தனையோ பட்டிகள் இருக்கும். வீடு வீடாகப் போய்ச் சிரட்டை, தொட்டி எல்லாவற்றையும் உம் கையாலேயே கவிழ்த்துவிட்டு வாரும். குதிரை வேண்டாம், நடந்தே போம்!"

நாகமாணிக்கத்தின் முகம் போன போக்கைப் பார்த்து ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராணி போனபிறகு அன்றுதான் சிரித்தார். பொன்னுருவி வீட்டுக்கு அரண்மனை வைத்தியரை அனுப்பினார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், கவலைப்படாதீர்கள். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார்.

போட்ட கை மாலையிலேயே நின்றது.

"கூத்தா, ராணிக்கு அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது?"

எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லும் கூத்தன், கவிழ்ந்து கிடந்த தொட்டியின் பக்கம் கண்ணைத் திருப்பினான்.