அகிம்போ என்றால் என்ன?

முன்னொரு காலத்தில், கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் நம் ராஜாக்களிடம் மிளகுக்கு விலை பேசிக்கொண்டிருந்த நாளில், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று இங்கிலீஷ் ஆசை பிடித்தது. காரணம் ஒரே ஒரு சொல். "மதயானை எதிரே வந்தபோதும் மகாராஜா அகிம்போ நின்றார்" என்று வெள்ளைக்காரத் தூதர் சபையில் புகழ்ந்தார். மற்றதையெல்லாம் மொழிபெயர்த்த துபாஷி, அந்தச் சொல்லுக்கு மட்டும் திருதிருவென்று விழித்தான். ராஜாவோ புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டார். தலையாட்டிய பிறகு திரும்பக் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லையா?

"அது என்ன பாராட்டு என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது" என்றார், தூதர் போனதும்.

தளவாய் வேதமூர்த்திக்கு விகடகவி மருதையன் மேல் தீராத வயிற்றெரிச்சல். அவர் நைசாகத் தூதரின் விடுதிக்குப் போய்ப் பொருளைத் தெரிந்துகொண்டு வந்தார். "பிரபு, மருதையனையே கேளுங்கள். வாயால் சொன்னால் மழுப்பிவிடுவான். நின்று காட்டட்டும்" என்றார்.

"நாளை சபையில் காட்டு. இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்பு" என்றார் ராஜா.

மருதையனும் தூதரிடம் ஓடினான். தூதர் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை விரித்து நின்று காட்டினார். அந்தச் சபையில் மேல்துண்டை இடுப்பில் கட்டி, கையால் வாய் பொத்தித்தான் நிற்க வேண்டும். ராஜா முன் இடுப்பில் கை வைத்தவனுக்கு அன்றைக்கே நாடுகடத்தல். காட்டினாலும் போக வேண்டும், காட்டாவிட்டாலும் போக வேண்டும். பிறந்த மண்ணை விட்டு எங்கே போவான், பாவம்? தளவாய் பலே ஆசாமிதான்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது.

"காட்டு, மருதையா."

"மாட்டேன், மகாராஜா."

"என்ன சொன்னாய்?"

"முடியாது என்றேன்."

தளவாய் மீசைக்குள் சிரித்தார். பிறந்தது முதல் 'முடியாது' என்ற சொல்லையே கேட்டறியாத ராஜா அரியணையிலிருந்து குதித்திறங்கி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நின்றார். "யாரிடம் பேசுகிறாய் தெரிகிறதா?"

மருதையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "அகிம்போ நிற்கும் அரசரிடம், பிரபு. அப்படியே அசையாமல் இருங்கள், சபை கண்ணாரப் பார்க்கட்டும். யானை முன் வீரத்தில் நின்றாலும், என் முன் கோபத்தில் நின்றாலும், அந்த நிலைக்கு அதுதான் சொல். இந்தச் சபையில் அப்படி நிற்கும் உரிமை தங்கள் ஒருவருக்குத்தான். நான் எப்படிக் காட்டுவேன்?"

ராஜா குனிந்து தம் முழங்கைகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவி மூக்கில் வந்து நின்றது. சிரித்து முடித்துத் தளவாய் பக்கம் திரும்பினார். "வாயால் சொன்னால் போதாது என்றீரே, ஏன்?" தளவாய் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"போகட்டும். முடியாது என்றால் நான் இப்படி நிற்பேன் என்று உனக்கு யார் சொன்னது, மருதையா?"

"என் வீட்டுக்காரி, பிரபு. நேற்றுத் தண்ணீர் இறைத்துத் தரச் சொன்னாள். இருந்த கவலையில் முடியாது என்றுவிட்டேன். 'யாருகிட்ட பேசுறீங்கன்னு தெரியுதா?'ன்னு நின்னா பாருங்க, அச்சு அசல் மகாராஜாவேதான்."

ராஜா பட்டுப்புடவையும் பொற்காசும் வரவழைத்தார். "இது உனக்கில்லை. எனக்குப் பாடம் சொன்ன உன் வீட்டுக்காரிக்கு. நீ சுமந்துகொண்டு போ" என்றார்.

இந்த முறை மருதையன் முடியாது என்று சொல்லவில்லை.