தாத்தா காலத்து மதகு

ஏழிற்கோட்டையை ஆண்ட வீரமாறனுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத பற்று. ஒன்று அவருடைய தாத்தா. இன்னொன்று சாப்பாடு.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் காலை, அவர் வேட்டைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து உழவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பொன்னாயி என்ற உழத்தி முன்னால் வந்தாள்.

"மகாராசா, நாளைக்கு ஏரி மதகைத் தொறக்காதீங்க. முன்ன மாதிரி ஆடியில மழை இல்லீங்க, ஐப்பசிக்குத் தள்ளிப்போச்சு. வெயிலும் ஏறிப்போச்சு. இப்பவே தொறந்து நாத்து விட்டா, கதிர் பால் பிடிக்கிறப்ப ஏரியில சேறுதான் இருக்கும். போன வருசம் பூராவும் பதரு. இந்த வருசமும் அப்படின்னா நாங்க ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான். மழை வரட்டும், குறைஞ்ச நாள்ல விளையிற நெல்லைப் போட்டுக்கறோம்."

"என் தாத்தா ஆடிப்பெருக்கன்றுதான் மதகைத் திறந்தார். நானும் அன்றுதான் திறப்பேன்!" என்று சொல்லிவிட்டு அரசர் குதிரை ஏறினார்.

பொன்னாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அரசவை விகடன் சீனியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதே அம்மா, சாயங்காலம் வரை பொறு" என்றான். நேராகச் சமையற்கட்டுக்குப் போனான்.

உச்சிப்பொழுது மணி அடித்தது. அரசர் உட்காரும் மணை காலியாகக் கிடக்க, அதற்கு முன்னால் தலைவாழை இலை விரித்தான். சோறு, குழம்பு, வறுவல், பாயசம் எல்லாம் படைத்தான். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றான்.

அரசர் பொழுது சாய்ந்துதான் வந்தார். வயிறு காந்தியது. இலையைப் பார்த்தார். வறுவல் காக்கைக்குப் போயிருந்தது, பாயசம் எறும்புக்கு. மிச்சச் சோறு விறைத்துக் கிடந்தது.

"எவன் செய்த வேலை இது?"

"அடியேன்தான். தங்கள் தாத்தா காலத்தில் உச்சிப்பொழுதுக்குத்தானே இலை போடுவார்கள், அரசே!"

"மடையா! அப்போது பக்கத்துக் குட்டையிலேயே மான் தண்ணீர் குடிக்கும், உச்சிக்குள் வேட்டை முடிந்துவிடும். இப்போது குட்டை வற்றிக் கிடக்கிறது. மலையடிவாரம் வரை போய் அலைகிறேன். காலம் மாறியது உனக்குத் தெரியாதா? வருகிறவன் வருவதற்கு முன்னால் எவனாவது இலை போட்டுப் பரிமாறுவானா?"

"நன்றாகக் கேட்டீர்கள் அரசே! பொன்னாயியும் காலையில் இதைத்தான் கேட்டாள். மழை வருவதற்கு முன்னால் எவராவது மதகைத் திறப்பார்களா?"

அரசர் காக்கை கொத்திய இலையை மறுபடி பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அப்போதே ஏரிக்கரைக்கு ஆள் போனது. மழை வந்த பிறகே மதகு திறக்கும் என்று முரசு அறையச் சொன்னார்.

"சீனியப்பா, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்!"

சீனியப்பன் மணையை இழுத்துப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"நானும் காலையிலிருந்து பட்டினி, அரசே. இதோ வந்துவிட்டேன், இலை போடச் சொல்லுங்கள்!"