காணாமல் போன வடை ஓட்டைகள்

எக்கச்சக்கம்பாளையத்தில் ராக்கியப்பன், நாச்சிமுத்து, அர்த்தநாரி என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். சொன்ன சொல்லை அப்படியே செய்கிறவர்கள். அதனாலேயே தங்கை மாராத்தாளுக்கு இரண்டு முறை சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. முதல் முறை, வந்தவர்களை உட்காரவைக்கச் சொன்னாள். வாசற்படியிலேயே தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்கள். இரண்டாம் முறை, நல்லபடியாக அனுப்பிவைக்கச் சொன்னாள். வண்டியைவிட்டு இறங்கியதுமே நல்லபடியாக அனுப்பிவைத்தார்கள்.

மூன்றாவது இடம் வந்தபோது மூத்தவன் ராக்கியப்பனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தங்கச்சி வாழ்க்கை இந்தத் தடவை தன் கையில் என்று நினைத்தான்.

பெண் பார்க்க வருகிற அன்று மாராத்தாள் உளுந்தை ஆட்டிவைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். போகும்போது, "அண்ணா, மாவைத் தட்டி நடுவுல ஓட்டை போட்டு எண்ணெயில விடுங்க. ஓட்டை இல்லீன்னா உள்ள வேகாது" என்று சொல்லிப்போனாள்.

ராக்கியப்பன் கட்டைவிரலால் அளவாக ஓட்டை போட்டுப் பன்னிரண்டு வடைகளை எண்ணெயில் விட்டான். மாவில் தண்ணீர் கூடிப்போயிருந்ததால் வடைகள் உப்பி, நடு ஓட்டை மூடிக்கொண்டது. குனிந்து பார்த்தான். போட்ட ஓட்டைகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"வடை மிதக்குது. அப்ப ஓட்டைதான் முழுகியிருக்கோணும்" என்றான் அர்த்தநாரி.

"ஓட்டைக்கு ஏதுடா எடை? ஆவியாப் போயிருக்கும்" என்றான் நாச்சிமுத்து.

"ஆவியாப் போனா ஓட்டை வாசம் வரோணுமே. வடை வாசந்தான வருது?" என்று கேட்டான் அர்த்தநாரி.

சரி, துழாவிப் பார்ப்போம் என்று பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிவந்தார்கள். அது எண்ணெய் வடிக்கிற சல்லிக்கரண்டி. அவசரத்தில் யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை. ராக்கியப்பன் வாணலியின் அடிவரை விட்டுத் துழாவித் தூக்கினான். கரண்டி முழுக்க ஓட்டைகள்.

அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு. பன்னிரண்டு வடைக்கு முப்பத்தேழு எப்படி என்று அர்த்தநாரி கேட்டதற்கு, இது தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெய், பழைய ஓட்டைகள் அடியில் தங்கியிருக்கும் என்று நாச்சிமுத்து விளக்கினான். கிடைத்த ஓட்டைகளை வடைக்குள் திரும்ப வைக்கக் கரண்டியைத் தட்டிப் பார்த்தார்கள், சுரண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் உதிரவில்லை. அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

வேறு வழியில்லாமல் வடையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, ராக்கியப்பன் கரண்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா முன்னால் போய் நின்றான்.

"ஓட்டை தனியா இருக்குதுங்க. வேணுங்கிற அளவு எடுத்துக்குங்க" என்றான்.

பெரியவர் வடையைக் கடித்தார். கரண்டியைப் பார்த்தார். மறுபடி வடையைப் பார்த்தார்.

"உள்ள மாவா இருக்குதுங்களே?"

"ஓட்டை வெளியில இருக்குதுங்களே, எப்படிங்க வேகும்?"

கதவோரம் நின்ற மாராத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை சென்னியப்பன் கரண்டியை வாங்கி, ஒரு ஓட்டை வழியாக அவளைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணே போதும் என்று அப்பாவின் காதில் சொன்னான்.

"எங்கூர்ல ஓட்டையை வடைக்குள்ளயே வெச்சுக் குடுத்து எடத்தை அடைச்சுப்போடறாங்க. நீங்க வடையை முழுசாக் குடுத்து ஓட்டையும் தனியாத் தந்திருக்கீங்க. பெரிய மனசுங்க" என்றார் பெரியவர். அங்கேயே தாம்பூலம் மாற்றி நாள் குறித்தார்கள். கல்யாணத்துக்கு வடை பெண் வீட்டார் பொறுப்பு, ஓட்டை மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்றும் பேசி முடித்தார்கள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு மாட்டுவண்டி மண்டபத்தில் வந்து நின்றது. வண்டி நிறைய மீன்வலை.

"ஆயிரம் பேருக்குத் தாங்கும்" என்றார் பெரியவர், இறங்கிக்கொண்டே. "அடியில கொசுவலையும் இருக்குதுங்க. அது கொழந்தைங்களுக்கு."