முதல் சவாரி

கொன்றையூரில் அன்று ஏரித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள். பிடித்தவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடவேண்டும். மைசூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நாற்பது வருசமாக அங்கே மாட்டுவண்டி ஓட்டும் கெஞ்சப்பனும் ஓலையோடு வரிசையில் நின்றார். ஊராரோடு சேர்ந்து ஏரியில் தூர் வாரியும், அவர் தெருவுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும்.

மணியக்காரர் செங்கோடன் குடத்தின் வாயைக் கையால் பொத்தினார். "இந்த மண்ணுல பொறந்தவனுக்குத்தான் ஓலை. வந்தவனுக்கு எதுக்கு?"

"சரிங்க. ஒரே ஒரு சந்தேகம். வேற ஊர்ல பொறந்து, கைக்குழந்தையா இங்க வந்திருந்தா?"

"வந்தவன் வந்தவன்தான். எவனா இருந்தாலும் குடத்தைத் தொடக்கூடாது."

கெஞ்சப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். "நம்ம ஊர்ல தலைப்பிரசவம் தாய்வீட்லதானுங்களே. வளைகாப்பு முடிஞ்ச பொண்ணுகளைக் கொண்டுபோய் விட்டு, குழந்தையோட கூட்டிட்டு வர்றது என் வண்டிதான். நான் வந்த வருசம் முதல் சவாரியே உங்கம்மாதானுங்க. தாராபுரத்துல உங்களைப் பெத்து, அஞ்சாம் மாசம் என் வண்டியிலதான் வந்தாங்க."

வரிசையில் நின்ற தலைச்சன் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓலையை மடியில் செருகிக்கொண்டார்கள். மணியக்காரரின் கை குடத்தைவிட்டு மெல்ல இறங்கியது.

"ஆக, நாம ரெண்டு பேருமே வந்தவங்கதானுங்க," என்றார் கெஞ்சப்பன். "இந்த ஊருக்கு நான்தான் முன்னாடி வந்தேன். அதனால முதல்ல நான் போட்டுக்கட்டுங்களா?"